அப்பா அம்மாவுக்கு ஹியரிங் எய்ட் வாங்கப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



டாக்ஸ் சீசன் வந்தாலே இந்தக் கேள்வி வந்துடும்: "சார், அப்பாவுக்கு ஹியரிங் எய்ட் வாங்கறேன். 80டிடி-ல எவ்வளவு குறையும்?"

நியாயமான கேள்விதான். ஆனா இது முதல் கேள்வி இல்லை. பெரும்பாலான சம்பளக்காரங்களுக்கு இதுல வரியா மிச்சமாகறதை விட, சரியான டெஸ்ட் எடுத்து, சரியான சாதனத்தை, சரியான பில்லோட வாங்கறதுலதான் அதிகப் பணம் மிச்சமாகும். ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கி, ரெண்டே மாசத்துல பீரோவுக்குள்ள போயிடுற ஹியரிங் எய்டுக்கு எந்த வரிச் சலுகையும் ஈடு கட்டாது.

அதனால வரிசையாப் போவோம். டெஸ்ட், சாதனம், 5 வருஷச் செலவு, பில், இன்சூரன்ஸ், அரசுத் திட்டங்கள், வரி. கடைசியா, காது கேட்கிறதுல சிரமம் உங்களுக்கே இருந்தா ஆபீஸ்ல என்ன கேட்கலாம்னும் பார்ப்போம்.

1. முதல் செலவு ஆடியோகிராமுக்கு

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறார். போன்ல பேசினா "என்ன? என்ன?"ன்னு கேட்கிறார். உடனே ஆன்லைன்ல 1,500 ரூபாய்க்கு ஒரு மெஷின் ஆர்டர் போடுறோம். இங்கேதான் பணம் வீணாகத் தொடங்குது.

முதல்ல ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. காதுல அழுக்கு அடைச்சிருந்தாலே கேட்கிறது குறையும். அதைச் சுத்தம் பண்ணிட்டா மெஷினே தேவைப்படாம போகலாம். அதே மாதிரி, ஒரே நாள்ல அல்லது ரெண்டு மூணு நாள்ல திடீர்னு ஒரு காது கேட்காம போனா, அது அவசர சிகிச்சை விஷயம். "சளியா இருக்கும்"னு ஒரு வாரம் காத்திருக்காதீங்க. அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

அடுத்தது ஆடியோகிராம். எந்த அலைவரிசையில எத்தனை டெசிபல் சத்தம் இருந்தா இவருக்குக் கேட்குதுன்னு போடுற வரைபடம் இது. உலக சுகாதார நிறுவனத்தோட 2021 வகைப்பாட்டுப்படி, நல்லா கேட்கிற காதுல 20 முதல் 35 டெசிபல் வரை இழப்புன்னா லேசானது. 35 முதல் 50 வரை மிதமானது. 50 முதல் 65 வரை ஓரளவு கடுமையானது. அதுக்கு மேல கடுமையானது, மிகக் கடுமையானதுன்னு போகும்.

இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கங்க. எந்த சாதனம் பொருந்தும், அரசு சான்றிதழ் கிடைக்குமா, வரிக் கழிவு உண்டா, எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை.

டெஸ்ட் எடுக்கிறவர் யாருங்கிறதும் முக்கியம். இந்தியாவுல ஆடியாலஜிஸ்டுகள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ல, அதாவது ஆர்சிஐ-ல, பதிவு பண்ணியிருக்கணும். அந்தக் கவுன்சிலுக்கு 1992-ல இருந்தே தனிச் சட்டம் இருக்கு. "உங்க ஆர்சிஐ பதிவு எண் என்ன?"ன்னு கேட்கிறதுல எந்தத் தப்பும் இல்லை. என்கிட்ட ஆடிட் வர்றவங்க என் மெம்பர்ஷிப் நம்பர் கேட்டா நான் கோவிச்சுக்க மாட்டேன். அது மாதிரிதான் இதுவும்.

இன்னொண்ணு: "டெஸ்ட் ஃப்ரீ"ன்னு போர்டு போட்டிருக்கிற இடத்துல, டெஸ்டுக்கான காசு மெஷின் விலைக்குள்ள இருக்கும். அது தப்பில்லை. ஆனா ஆடியோகிராம் காப்பியைக் கையில வாங்கிக்கங்க. அது இருந்தாத்தான் வேற இடத்துல விலை விசாரிக்க முடியும்.

2. எதை வாங்கறோம்?

ஆன்லைன்ல ஆயிரம் ரெண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் சத்தப் பெருக்கி. எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டிடும். பேச்சும் கூடும், மிக்சி சத்தமும் கூடும், பஸ் ஹாரனும் கூடும். வயசானவங்களுக்கு பெரும்பாலும் உச்ச அலைவரிசைகள்தான் முதல்ல குறையும். அதனாலதான் "பேசறது கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல"ன்னு சொல்வாங்க. எல்லாத்தையும் கூட்டுற மெஷின் இந்தப் பிரச்சினையைத் தீர்க்காது.

டிஜிட்டல் ஹியரிங் எய்ட் அவரோட ஆடியோகிராமுக்கு ஏத்த மாதிரி ப்ரோக்ராம் பண்ணப்படுது. எந்த அலைவரிசையில எவ்வளவு குறையோ, அங்கே அவ்வளவு கூட்டும். காதுக்குப் பின்னாடி உட்கார்ற மாடல், ஸ்பீக்கர் மட்டும் காதுக்குள்ள போற ஆர்ஐசி மாடல், முழுசா காதுக்குள்ள மறையுற சின்ன மாடல்னு வகைகள் இருக்கு. வெளியில தெரியக்கூடாதுன்னு பலர் சின்ன மாடலைக் கேட்பாங்க. ஆனா விரல் நடுக்கம் இருக்கிற, கண் பார்வை குறைஞ்ச ஒருத்தருக்கு அந்தக் குட்டி பேட்டரியை மாத்துறது பெரிய பாடு. அவர் கையால போட்டுக் கழட்ட முடியுதான்னு கடையிலேயே பாருங்க.

விலை கூடக் கூட என்ன கிடைக்குது? சேனல்கள் அதிகம், இரைச்சல்ல பேச்சைப் பிரிச்சுக் காட்டுற திறன், புளூடூத், சார்ஜ் பண்ற வசதி. கல்யாண மண்டபம், மீட்டிங், டிராஃபிக்னு சுத்துறவருக்கு இது தேவைப்படலாம். பெரும்பாலும் வீட்டுல நாலு பேரோட பேசி, டிவி பார்க்கிறவருக்கு அடிப்படை அல்லது நடுத்தர மாடலே போதுமானதா இருக்கலாம். "அப்பாவுக்கு வாங்கறோம், பெஸ்ட்டா வாங்குவோம்"ங்கிற பாசத்தைத்தான் கடைக்காரர் பில்லா மாத்துவார். அவரோட ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு பார்த்து வாங்குங்க.

ஹியரிங் எய்டோட சேர்ந்து வேலை செய்யற துணைச் சாதனங்களும் இருக்கு. நிறைய பேருக்கு இது தெரியறதே இல்லை.

ரிமோட் மைக்: பேசறவர் சட்டையில மாட்டிக்கிற சின்ன மைக். அவர் குரல் நேரா ஹியரிங் எய்டுக்குப் போகும். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். 1 மீட்டர்ல இருந்து 4 மீட்டர் தள்ளிப் போனா 12 டெசிபல் போயிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஹியரிங் எய்டுக்கும் இந்தத் தூரம் ஒரு சிக்கல்தான். மைக்கைப் பேசறவர் பக்கத்துல கொண்டுபோறது நேரடித் தீர்வு.

டெலிகாயில்: பல மாடல்கள்ல உள்ளேயே இருக்கிற ஒரு சின்னக் கம்பிச்சுருள். இண்டக்ஷன் லூப் பொருத்தின அரங்கத்துல மைக் சத்தத்தை நேரா வாங்கிக்கும். உங்க மாடல்ல இது இருந்தும் ஆன் பண்ணாம விட்டிருக்கலாம். "டி ப்ரோக்ராம் போட்டுக் கொடுங்க"ன்னு கேளுங்க.

டிவி ஸ்ட்ரீமர்: டிவி சத்தம் நேரா காதுக்கு வரும். வீட்டுல மத்தவங்களுக்கு சாதாரண வால்யூம். தினமும் நடக்கிற ரிமோட் சண்டை முடிவுக்கு வரும்!

இலவசமா ஒண்ணு: கூகுளோட லைவ் டிரான்ஸ்க்ரைப் ஆப். 2019-ல வந்தது. எதிர்ல இருக்கிறவர் பேசறதை எழுத்தா ஸ்க்ரீன்ல காட்டும், தமிழ்லயும். ஆண்ட்ராய்டு போன் இருந்தா இன்னைக்கே போட்டுக் கொடுத்துப் பாருங்க. செலவு பூஜ்யம்.

3. 5 வருஷக் கணக்கு

பைக் வாங்கும்போது பெட்ரோல், சர்வீஸ் எல்லாம் சேர்த்துப் பார்க்கிறோம் இல்லையா? இதுவும் அப்படித்தான். ஹியரிங் எய்டோட ஆயுள் சுமார் 5 வருஷம்னு வச்சுக்கலாம். கீழே இருக்கிறது நான் எடுத்துக்கிட்ட உத்தேச எண்கள். உங்க கொட்டேஷனை வச்சு மாத்திப் போட்டுக்கங்க.

ரெண்டு காதுக்கும் சேர்த்து 50,000 ரூபாய், பேட்டரி மாத்துற மாடல்:

- பேட்டரி: ஒரு காதுக்கு வாரம் ஒண்ணு, வருஷத்துக்கு 104. ஒண்ணு 35 ரூபாய்னா வருஷம் 3,640. 5 வருஷத்துக்கு 18,200.
- காதுக்குள்ள போற ரப்பர் டோம், அழுக்கு வடிகட்டி: வருஷம் 1,500 வீதம் 7,500.
- வாரண்டி முடிஞ்ச பிறகு ரிப்பேர்: 8,000.
- மொத்தம்: 83,700 ரூபாய். ஒரு நாளைக்கு சுமார் 46 ரூபாய்.

ரெண்டு காதுக்கும் 1,40,000 ரூபாய், சார்ஜ் பண்ற மாடல்:

- டோம், வடிகட்டி: 7,500.
- ரிப்பேர், பழைய பேட்டரி மாத்துறது: 15,000.
- மொத்தம்: 1,62,500 ரூபாய். ஒரு நாளைக்கு சுமார் 89 ரூபாய்.

50,000 ரூபாய் மெஷின் உண்மையில 84,000 ரூபாய் மெஷின்னு இப்போ தெரியுதா? இன்னொரு கணக்கு பாருங்க. அந்த 50,000 ரூபாய் மெஷினை 60 நாள் போட்டுட்டு ஓரமா வச்சுட்டா, ஒரு நாளைக்கு 833 ரூபாய் ஆயிடுச்சு.

அதனால கொட்டேஷன் வாங்கும்போது விலையோட இந்த 5 கேள்வியையும் கேளுங்க:

- வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் சில நாள் போட்டுப் பார்க்க டிரையல் உண்டா?
- முதல் வருஷத்துல எத்தனை தடவை ட்யூனிங் இலவசம்? அப்புறம் ஒரு தடவைக்கு எவ்வளவு?
- வாரண்டி எத்தனை வருஷம்? ஈரத்தால கெட்டா அதுல வருமா?
- தொலைஞ்சு போனா ஏதாவது பாதுகாப்பு இருக்கா?
- ப்ரோக்ராம் இந்தக் கடையில மட்டும்தான் மாத்த முடியுமா, வேற ஆடியாலஜிஸ்டும் மாத்தலாமா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். நீங்க பெங்களூருல இருக்கீங்க, அப்பா தென்காசியில இருக்கார்னு வைங்க. பெங்களூருல வாங்கிக் கொடுத்துட்டா ட்யூனிங்குக்கு அவர் எங்கே போவார்? 5,000 ரூபாய் அதிகமானாலும், அவர் ஊர்ல அல்லது பக்கத்து டவுன்ல சர்வீஸ் இருக்கிற மாடலை வாங்குங்க.

விலையைக் குறைச்சுக் கேட்கவும் தயங்காதீங்க. எம்ஆர்பி-ல இருந்து இறங்கி வர்றது இந்தத் துறையில சகஜம். ரெண்டு மூணு இடத்துல ஒரே மாடலுக்கு எழுத்துல கொட்டேஷன் வாங்குங்க. மைசூருல இருக்கிற அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்துல சலுகை விலையில ஹியரிங் எய்ட் கொடுக்கிற தனித் திட்டமே இருக்கு. கர்நாடகாவுல வேலை பார்க்கிறவங்க அங்கேயும் விசாரிக்கலாம்.

நம்ம ஊர்ல, குறிப்பா சென்னை மாதிரி கடலோர ஊர்கள்ல, வியர்வையும் ஈரப்பதமும் மெஷினுக்கு எதிரி. சிலிக்கா ஜெல் போட்ட ஒரு டப்பாவுல ராத்திரி வைக்கிற பழக்கம் இருந்தா ரிப்பேர் செலவு குறையும்.

4. பில்லுல பார்க்க வேண்டியது

ஹியரிங் எய்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரி விலக்கு பெற்ற பொருள் அது. பில்லுல ஹியரிங் எய்ட் விலை மேல ஜிஎஸ்டி போட்டிருந்தா அந்த இடத்திலேயே கேளுங்க. பேட்டரி, சார்ஜர், ரிமோட் மைக்னு தனியா வாங்கற பொருள்களுக்கு வரி வரலாம். அதனால பில்லை ஒரே வரியில மொத்தமா போடாம, பிரிச்சுப் போடச் சொல்லுங்க.

பில்லுல பேஷண்ட் பெயர், மாடல், சீரியல் நம்பர், வாரண்டி தேதி இருக்கணும். பணத்தை யுபிஐ, கார்டு அல்லது பேங்க் டிரான்ஸ்ஃபர்ல கட்டுங்க. "கேஷ் கொடுத்தா ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம்"னு சொன்னா வேண்டாம்னுடுங்க. ஏன்னு வரி பகுதியில சொல்றேன்.

5. இன்சூரன்ஸும் இஎஸ்ஐயும்

தனியா எடுக்கிற பெரும்பாலான ஹெல்த் பாலிசிகள்ல கண்ணாடி, ஹியரிங் எய்ட் மாதிரியான பொருள்களோட விலை விலக்குப் பட்டியல்ல இருக்கும். ஆஸ்பத்திரியில சேர்க்காம வாங்கற பொருளுங்கிறதால க்ளெய்ம் பண்ண முடியாது. ஆனா உங்க கம்பெனி க்ரூப் பாலிசியை ஒரு தடவை எடுத்துப் படிங்க. சில கம்பெனிகள் அவுட் பேஷண்ட் வசதியோ, வெல்னஸ் தொகையோ கொடுக்கும். எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்கிறதுல உங்களுக்கு நஷ்டம் இல்லை.

மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருக்கிறவங்க இஎஸ்ஐ-ல வருவீங்க. மாற்றுத்திறனாளி ஊழியர்னா அந்த வரம்பு 25,000. உங்களை நம்பி இருக்கிற பெற்றோரும் இஎஸ்ஐ குடும்ப வரையறையில வர்றாங்க. ஹியரிங் எய்ட் மாதிரி துணைக் கருவிகளும் இஎஸ்ஐ மருத்துவப் பலன்கள்ல உண்டு. வெளியில வாங்கறதுக்கு முன்னாடி உங்க இஎஸ்ஐ டிஸ்பென்சரியில கேளுங்க. வாங்கிட்டு அப்புறம் கேட்டா சிரமம்.

6. அரசுத் திட்டங்கள்

ஏடிஐபி: 1981-ல இருந்து நடக்கிற மத்திய அரசுத் திட்டம். குறைபாடு 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல இருக்கணும். மாச வருமானம் 22,500 ரூபாய் வரைன்னா முழு உதவி, 30,000 வரைன்னா பாதி.

ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா: 2017-ல தொடங்கினது. 60 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு. வறுமைக் கோட்டுக்குக் கீழே அல்லது மாச வருமானம் 15,000-க்குள்ள இருக்கணும். அரசு நிறுவனமான அலிம்கோ முகாம் நடத்தி இலவசமா சாதனங்கள் கொடுக்குது. அதுல ஹியரிங் எய்டும் உண்டு.

தமிழ்நாட்டுல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமா இலவச ஹியரிங் எய்ட் கிடைக்குது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல, பிறவியிலேயே காது கேளாத 6 வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையும் உண்டு. லட்சக்கணக்குல செலவாகிற சிகிச்சை இது. பேச்சு வளர்ற வயசு தாண்டிட்டா பலன் குறைஞ்சுடும். அதனால உங்க சொந்தத்துல அப்படி ஒரு குழந்தை இருந்தா, இன்னைக்கே இந்தத் தகவலைச் சொல்லுங்க.

உங்க சம்பளத்துக்கு இதுல பலது பொருந்தாம இருக்கலாம். ஆனா உங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்கு, வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட அம்மாவுக்குப் பொருந்தும். ஃபார்ம் நிரப்பிக் கொடுக்க அரை மணி நேரம் போதும்.

7. இப்போ வரி. 80டிடியா, 80டியா, 80யுவா?

நான் இங்கே சொல்றது 2025-26 நிதியாண்டுக்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வர்றதால பிரிவு எண்கள் மாறும்.

80டிடி: உங்களைச் சார்ந்திருக்கிற மாற்றுத்திறனாளி குடும்ப உறுப்பினருக்காக நீங்க செலவு பண்ணா கிடைக்கிற கழிவு. 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல குறைபாடுன்னா 75,000. 80 சதவீதம் அல்லது அதுக்கு மேலன்னா 1,25,000. செலவு எவ்வளவு ஆச்சுங்கிறதைப் பொறுத்தது இல்லை, நிலையான தொகை.

80யு: குறைபாடு உங்களுக்கே இருந்தா நீங்க எடுக்கிற கழிவு. அதே 75,000 / 1,25,000. செலவு பண்ணியிருக்கணும்னுகூட இல்லை, சான்றிதழ் போதும்.

கேட்க நல்லா இருக்கா? இப்போ நடைமுறையைப் பாருங்க.

முதல் சிக்கல் சான்றிதழ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ரெண்டு காதுலயும் பேச்சு அலைவரிசையில 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தாத்தான் "கேட்கும் திறன் குறைந்தவர்". 70-ம் அதுக்கு மேலயும் இருந்தா "காது கேளாதவர்". வயசாகிறதால 45, 50 டெசிபல் இழப்பு இருக்கிற ஒரு அப்பாவுக்கு ஹியரிங் எய்ட் கண்டிப்பா தேவைப்படலாம். ஆனா சான்றிதழ் கிடைக்காது.

ஒரு காது மட்டும் போனவங்களுக்கும் இதே நிலைதான். சதவீதம் போடும்போது நல்ல காதுக்கு 5 பங்கு, மோசமான காதுக்கு 1 பங்குன்னு எடுத்து 6-ஆல வகுப்பாங்க. ஒரு காது முழுசா போய், இன்னொரு காது நல்லா இருந்தா: (0 × 5 + 100) ÷ 6 = 16.7 சதவீதம். 40-க்கு ரொம்ப தூரம்.

ரெண்டாவது சிக்கல், "சார்ந்திருப்பவர்"ங்கிற வார்த்தை. அப்பாவுக்கு நல்ல பென்ஷன் வருதுன்னா, அவர் முழுசாவோ பெரும்பாலுமோ உங்களைச் சார்ந்திருக்கார்னு சொல்ல முடியாது. அப்போ அவரே தன் ரிட்டர்ன்ல 80யு எடுக்கலாம். ஒருத்தருக்காக 80யு, 80டிடி ரெண்டையும் எடுக்க முடியாது.

மூணாவது, பெரிய சிக்கல்: இந்தக் கழிவுகள் எல்லாம் பழைய வரி முறையில மட்டும்தான். புது முறையில கிடையாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்.

சம்பளம் 9 லட்சம்: புது முறையில வரி பூஜ்யம். பழைய முறைக்குப் போய், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 50,000, 80சி 1,50,000, 80டிடி 75,000 எல்லாம் கழிச்சாலும் 39,000 ரூபாய் வரி வரும். 80டிடி-க்காகப் பழைய முறைக்குப் போனா நஷ்டம்.

சம்பளம் 18 லட்சம்: புது முறையில வரி 1,50,800. பழைய முறையில எச்ஆர்ஏ 3 லட்சம், 80சி 1.5 லட்சம், உங்க ஹெல்த் பிரீமியம் 25,000, என்பிஎஸ் 50,000, அதோட 80டிடி 1,25,000, எல்லாத்தையும் முழுசா காட்டினா 1,48,200. மிச்சம் 2,600 ரூபாய். அதே இடத்துல 80டிடி 75,000-ன்னா பழைய முறை வரி 1,63,800 ஆயிடும். புது முறைதான் லாபம்.

ஆக, அதிகச் சம்பளம், அதிக வாடகை அல்லது வீட்டுக் கடன், எல்லா முதலீடும் இருக்கிறவங்களுக்குத்தான் 80டிடி பலன் தரும். மத்தவங்க ரெண்டு முறையிலயும் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

80டி: பழைய முறையில இருக்கிறவங்களுக்கு, சான்றிதழ் இல்லாத அப்பா அம்மா விஷயத்துல நடைமுறைக்கு ஒத்து வர்றது இதுதான். 60 வயசு ஆன பெற்றோர் பேர்ல ஹெல்த் இன்சூரன்ஸ் இல்லைன்னா, அவங்களோட மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரை காட்டலாம். மருத்துவச் செலவுன்னா எது எதுன்னு சட்டம் பட்டியல் போடலை. டாக்டர் சீட்டு, ஆடியோகிராம், பில் மூணும் இருந்தா ஹியரிங் எய்ட் செலவை இதுல காட்டுறது வழக்கத்துல இருக்கு. 20 சதவீத ஸ்லாப்ல 10,400 ரூபாய் குறையும். ஆனா ரொக்கமா கட்டின செலவுக்கு இந்தக் கழிவு கிடையாது. கேஷ் வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான். 2,000 தள்ளுபடிக்காக 10,400-ஐ விட்டுடாதீங்க.

சான்றிதழ் வாங்க முடியும்னா, வரிக்குப் பலன் இல்லாட்டியும் வாங்கி வைங்க. ஸ்வாவ்லம்பன் தளத்துல விண்ணப்பிச்சு யுடிஐடி அட்டை வாங்கலாம். அரசுத் திட்டம், வேலைவாய்ப்பு எல்லாத்துக்கும் இதுதான் சாவி. சான்றிதழ்ல மறுபரிசோதனைத் தேதி இருந்தா காலண்டர்ல குறிச்சு வைங்க. அது காலாவதியாகிற நிதியாண்டு வரைதான் கழிவு. அதுக்கு அப்புறம் புதுச் சான்றிதழ் வேணும்.

8. உங்களுக்கே கேட்கிறதுல சிரமம் இருந்தா

மீட்டிங்ல பாதி புரியாம தலையாட்டுறது, அப்புறமா பக்கத்து சீட் நண்பர்கிட்ட கேட்டுக்கிறது. வெளியில சொன்னா அப்ரைசல்ல அடிபடுமோங்கிற பயம். இப்படி இருக்கிறவங்களுக்கு ஒரு சட்ட விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

2016 சட்டப்படி எல்லா நிறுவனமும், தனியார் உட்பட, சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடணும். 20 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற தனியார் நிறுவனம்னா, துணைச் சாதனங்களுக்கு என்ன ஏற்பாடுன்னும் அதுல சொல்லணும். எச்ஆர் போர்ட்டல்ல அந்த ஆவணத்தைத் தேடுங்க. அதை மேற்கோள் காட்டி, ரிமோட் மைக், மீட்டிங்ல கேப்ஷன் ஆன் பண்றது, மீட்டிங் குறிப்பு எழுத்துல அனுப்புறதுன்னு குறிப்பிட்டுக் கேளுங்க. "எனக்கு உதவி வேணும்"னு பொதுவா கேட்கிறதை விட, "இந்தச் சாதனம், இந்த விலை, இந்த வேலைக்கு"ன்னு கேட்டா ஒப்புதல் வாங்கறது சுலபம்.

இதுவரை பிரச்சினை இல்லாதவங்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தோட அளவுப்படி பெரியவங்களுக்குப் பாதுகாப்பானது 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமா குறையும். ஆபீஸ் கால், பஸ்ல பாட்டு, ராத்திரி சீரிஸ்னு நாள் பூரா இயர்போன் போடுறவங்க போன்ல இருக்கிற வால்யூம் லிமிட்டை ஆன் பண்ணிக்கங்க. பிற்காலத்துல லட்சத்தை மிச்சப்படுத்துற செட்டிங் அது!

9. பணத்துக்கு என்ன வழி?

எமர்ஜென்சி ஃபண்டை மொத்தமா காலி பண்ணாதீங்க. கையில பாதி, மீதியை 6 முதல் 12 மாச இஎம்ஐன்னு பிரிச்சுக்கலாம். "நோ காஸ்ட் இஎம்ஐ"ல ப்ராசஸிங் ஃபீஸும், வட்டி மேல ஜிஎஸ்டியும் வரலாம். அதோட, ரொக்கத் தள்ளுபடி கிடைக்காம போனா அதுவும் ஒரு செலவுதான். பர்சனல் லோனை 3, 4 வருஷத்துக்கு இழுக்காதீங்க. மெஷின் ஆயுளோட பெரும்பகுதி கடன் கட்டுறதிலேயே போயிடும்.

வாங்கின மாசமே அடுத்த மெஷினுக்கு ஒரு ஆர்டி தொடங்குங்க. 5 வருஷத்துல 1 லட்சம் வேணும்னா, வட்டியே இல்லாம கணக்குப் போட்டாலும் மாசம் 1,667 ரூபாய்தான். அண்ணன் தங்கச்சி இருந்தா பிரிச்சுக்கங்க.

கடைசியா, பணத்தால வாங்க முடியாத பகுதி

புது மெஷின் போட்ட முதல் சில வாரம் எல்லாமே இரைச்சலா இருக்கும். ஃபேன் சத்தம், தட்டு சத்தம், தன் குரலே வித்தியாசமா கேட்கும். இத்தனை வருஷமா கேட்காத சத்தத்துக்கு மூளை திரும்பப் பழகணும். பலர் இந்த நேரத்துலதான் "எனக்கு இது வேண்டாம்பா"ன்னு கழட்டி வச்சுடுறாங்க.

முதல் வாரம் வீட்டுக்குள்ள ரெண்டு மூணு மணி நேரம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. எங்கே, எப்போ சிரமமா இருந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லுங்க. அந்தப் பேப்பரோட ட்யூனிங்குக்குப் போங்க. முதல் ரெண்டு விசிட்டுக்கு நீங்களும் லீவு போட்டுக் கூடப் போங்க. வீட்டுல மத்தவங்க முகத்தைப் பார்த்து, நிதானமா பேசப் பழகணும். கத்த வேண்டாம்.

காது கேட்கலைன்னா மனுஷன் முதல்ல பேச்சைக் குறைப்பார். அப்புறம் விசேஷத்துக்குப் போறதைக் குறைப்பார். அப்புறம் போனை எடுக்கிறதையே விட்டுடுவார். மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்கள் பட்டியல்ல லான்செட் ஆணையம் காது கேளாமையையும் சேர்த்திருக்கு. அதனால "சம்பளம் ஏறட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு தள்ளிப் போடுற செலவு இல்லை இது. பெரிய மெஷினுக்கு இப்போ பணம் இல்லையா, அடிப்படை மாடல்ல தொடங்குங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை: ஆடியோகிராமுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்க. அந்த ரிப்போர்ட் கையில வந்ததும் மேல இருக்கிற வரிசைப்படி போங்க. உங்க கொட்டேஷனை வச்சு 5 வருஷக் கணக்கு போட்டதுல சந்தேகம் இருந்தா கமெண்ட்ல எண்களைப் போடுங்க, சேர்ந்து பார்க்கலாம்.

அடுத்த பதிவுல சந்திப்போம்.